அளவில் பிழை: நூற்றுக்கு எவ்வளவு?

கூட்டுறவுச் சங்கத்தின் அன்றாட வேலையில் பெரும்பகுதி அளப்பதே ஆகும். பாலை அளந்து வாங்குகிறோம்; பருத்தியை நிறுத்து ஏற்றுகிறோம்; உரத்தையும் விதையையும் எடை பார்த்துக் கொடுக்கிறோம்; நிலத்தின் அளவைக் கண்டு அதன் பேரில் கடன் வழங்குகிறோம். இவ்வளவுகள் யாவும் பின்னர்க் கணக்குப் புத்தகத்தில் ரூபாயாக மாறுகின்றன. ஆகையால் அளவில் நேரும் பிழை, எத்துணைச் சிறிதாயினும், முடிவில் யாரேனும் ஓர் அங்கத்தினருடைய பணத்தைத் தொடாமற் போவதில்லை. அப்பிழையை மதிப்பிடும் முறையைச் சங்கத்தின் காரியதரிசி மட்டுமின்றி அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம். அதற்கு வேண்டிய கணக்கு, ஆரம்பப் பாடசாலையில் கற்ற கழித்தல், வகுத்தல், பெருக்கல் ஆகிய மூன்றே.

எண்ணுதலும் அளத்தலும்

எண்ணுதல் வேறு, அளத்தல் வேறு. தொழுவத்தில் பன்னிரண்டு மாடுகள் நிற்கின்றன என்றால் அது முடிந்த முடிவு. கவனமாக எண்ணுகிற எவரும் பன்னிரண்டு என்றே சொல்வர். ஆனால் ஒரு பருத்தி மூட்டையை ஒரே தராசில் ஐந்து முறை நிறுத்தால் ஐந்து முறையும் கடைசிக் கிராம் வரையில் ஒரே எடை வருவது அரிது. தராசு நிற்கும் தரை, வீசும் காற்று, பார்ப்பவர் கண், கருவியின் தேய்மானம் ஆகிய ஒவ்வொன்றும் சிறிது கூட்டவோ குறைக்கவோ செய்யும். எனவே பிழையே இல்லாத அளவு உலகில் இல்லை. “எங்கள் தராசில் பிழை உண்டா?” என்று கேட்பதால் பயன் அதிகம் இல்லை. “எங்கள் தராசில் பிழை நூற்றுக்கு எவ்வளவு? அது எப்பக்கம் சாய்கிறது?” என்று கேட்பதே பயன் தரும்.

சதவிகிதப் பிழை காணும் விதம்

பிழையின் அளவை மட்டும் பார்த்து அது பெரிதா சிறிதா என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தின் உயரம் 192 அடி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதன் நிழலைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடும் ஒரு மாணவன் 186 அடி என்று விடை காண்பானாயின், அவன் செய்த பிழை 6 அடி. அதே மாணவன் 24 அடி ஆழமுள்ள கிணற்றை 18 அடி என்று அளப்பானாயின், அங்கும் பிழை 6 அடியே. ஆயினும் முன்னதைக் கேட்டவர் அவனை மெச்சுவர்; பின்னதை நம்பிக் கயிறு வாங்கியவருடைய வாளி தண்ணீரைத் தொடாது.

இவ்வேறுபாட்டை எண்ணால் காட்டுவதே சதவிகிதப் பிழை. அதைக் காணும் விதம் பின்வருமாறு: அளந்து கண்ட அளவிலிருந்து மெய்யளவைக் கழிக்க வேண்டும், வந்த மீதத்தை மெய்யளவால் வகுக்க வேண்டும், வந்த ஈவை நூற்றால் பெருக்க வேண்டும். கோபுரத்தின் விஷயத்தில் 6-ஐ 192-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க, நூற்றுக்கு 3.125 என வரும். கிணற்றின் விஷயத்தில் 6-ஐ 24-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க, நூற்றுக்கு 25 என வரும். அடிக்கணக்கில் சமமாக நின்ற இரு பிழைகளும் நூற்றுக் கணக்கில் எட்டு மடங்கு வேறுபடுகின்றன.

கண்ட அளவு மெய்யளவுக்கு மேற்பட்டால் பிழை மிகை. குறைந்தால் பிழை குறை. பள்ளிக்கூடப் புத்தகங்கள் சிலவற்றில் இம்மிகை குறைகளைக் கருதாது வித்தியாசத்தை மட்டும் கொள்வது வழக்கம். ஆனால் சங்கத்தின் புத்தகத்தில் மிகைக்குக் கூட்டல் குறியும் குறைக்குக் கழித்தல் குறியும் தவறாமல் எழுதிவர வேண்டும். நஷ்டம் யாருடையது என்பதை அந்தக் குறியே சொல்லும்.

எதனால் வகுப்பது?

வகுக்கும் எண் எது என்பதில் பலர் தடுமாறுகின்றனர். பால் சங்கத்திலிருந்தே இதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் பாலுக்கும் பால்கோவாவுக்கும் பேர் பெற்றது. அவ்வூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் அருகில் திருவண்ணாமலை என்னும் சிறு குன்று உண்டு. வடக்கேயுள்ள அருணாசலம் வேறு; இது சீநிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் குன்று; புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஜனங்கள் திரளாக வந்து சேவிப்பர். இக்குன்றின் அடிவாரத்தில் பால் சங்கம் ஒன்று இருப்பதாகவும், அது நாளொன்றுக்கு 500 லிட்டர் பால் வாங்குவதாகவும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோகிராம் எடை நிற்கும். ஆகவே 500 லிட்டர் பாலின் எடை 515 கிலோ. லிட்டரும் கிலோவும் ஒன்றே என்று கருதும் ஒரு குமாஸ்தா, லிட்டர்ப் படியால் அளந்த பாலை “500 கிலோ” என்று எழுதி, அவ்வெடைக்கே அங்கத்தினர்களுக்குப் பணம் கொடுக்கிறார். மெய்யெடை 515, எழுதியது 500, குறை 15. அதனை 515-ஆல் வகுக்க, நூற்றுக்கு 2.91 குறை. கிலோ 40 ரூபாய் என்று கொண்டால் நாளொன்றுக்கு 600 ரூபாயும் முப்பது நாளில் 18,000 ரூபாயும் உற்பத்தியாளர் கைக்கு வராமற் போகும். வருஷ முடிவில் இத்தொகை சங்கத்தின் லாபமாகத் தோன்றும். பொதுச் சபையில் கரகோஷமும் எழக்கூடும். ஆயினும் அது லாபம் அன்று. அங்கத்தினர்களின் பாலே ஆகும்.

இனி இதைத் திருப்பிப் பார்ப்போம். மற்றொரு குமாஸ்தா பாலை எடை போட்டு 515 என்று கண்டு, அதை “515 லிட்டர்” என்று எழுதுகிறார். விற்கும்போதோ லிட்டர்ப் படியால் அளக்கிறார்கள். மெய்யளவு 500 லிட்டர்; எழுதியது 515; மிகை 15. இங்கு 15-ஐ 500-ஆல் வகுக்க வேண்டும். நூற்றுக்கு 3 மிகை. மாலையில் இருப்பைச் சரிபார்க்கும்போது 15 லிட்டர் பால் காணாமற் போனதாகத் தெரியும். ஒருவரும் ஒரு துளியும் எடுக்கவில்லை. ஆயினும் பாத்திரம் கழுவும் ஆள்மீது சந்தேகம் விழும். சங்கங்களில் மனஸ்தாபம் விளைவதற்கு இத்தகைய கணக்குப் பிழை ஒன்றே போதும்.

இரண்டிலும் வித்தியாசம் 15 தான். ஆயினும் முன்னதில் 2.91, பின்னதில் 3. எந்த அளவு மெய்யோ அதனாலேயே வகுத்தல் வேண்டும் என்பது விதி. பிழையான அளவால் வகுத்தால் பிழையின் மதிப்பும் பிழைபடும்.

மெய்யளவு எங்கே கிடைக்கும்?

“மெய்யளவு முன்னமே தெரியுமானால் அளப்பது எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அன்றாடம் வரும் பாலின் மெய்யெடை நமக்குத் தெரியாதுதான். ஆனால் தராசைச் சோதிக்கும் நாளில், எடை முன்னமே நிச்சயிக்கப்பட்ட முத்திரைக்கல்லைத் தட்டில் வைக்கிறோம். அக்கல்லின் எடையே அப்போது மெய்யளவு. அங்கே கண்ட பிழையைக் கொண்டு மற்ற நாட்களின் அளவுகளை மதிப்பிடுகிறோம்.

பொதுவான திட்ட அளவு இல்லாத இடத்தில் பிழை என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. முற்காலத்தில் தானியம் அளந்த படியும் மரக்காலும் பெயரில் ஒன்றாயிருந்தும் ஊருக்கு ஊர் கொள்ளளவில் வேறுபட்டன. ஒரே மரக்காலிலும் தலைதட்டி அளப்பது ஒரு கணக்கு, குவித்து அளப்பது மற்றொரு கணக்கு. வாங்கும்போது குவித்தும் விற்கும்போது தட்டியும் அளந்த வியாபாரியைப் பிழை செய்தவர் என்று நிரூபிக்க வழியே இல்லாதிருந்தது. இந்தியா முழுமைக்கும் மெட்ரிக் அளவுகளை விதித்த 1956-ஆம் வருஷத்துச் சட்டமும், அவ்விஷயத்தில் இப்போது நடைமுறையிலுள்ள 2009-ஆம் வருஷத்துச் சட்டமுறை எடையளவுச் சட்டமும் இக்குறையைப் போக்க வந்தவையே.

நூற்றுக்குள்ளே ஒரு நூறு

பாலின் விலை எடையால் மட்டும் நிச்சயிக்கப்படுவதன்று. அதிலுள்ள கொழுப்பும், கொழுப்பு நீங்கலான திடப்பொருளும் விலையில் சேரும். கொழுப்பின் அளவே நூற்றுக்கு இவ்வளவு என்றுதான் சொல்லப்படுகிறது. இங்கே ஒரு மயக்கம் நேருவது உண்டு. பசும்பால் ஒன்றின் மெய்யான கொழுப்பு 4.0; சோதனையில் 3.8 என்று கண்டார்கள். “வித்தியாசம் 0.2 தானே, நூற்றுக்குக் கால் பங்கு கூட இல்லையே” என்று சொல்லி விடுவது எளிது. ஆனால் விலை கொழுப்பின் மேல் ஏறுகிறது. 0.2-ஐ 4.0-ஆல் வகுத்து நூற்றால் பெருக்கினால் 5 வருகிறது. கொழுப்புக்கென்று கொடுக்கும் பணத்தில் இருபதில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 6.4 கொழுப்புள்ள எருமைப்பாலில் அதே 0.2 குறைந்தால் பிழை 3.125 தான். ஒரே அளவு பிழை பசு வைத்திருப்பவரை எருமை வைத்திருப்பவரினும் அதிகமாகத் தாக்குகிறது.

பால்மானி என்னும் லாக்டோமீட்டரைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். அக்கருவி தன்மேல் குறித்துள்ள வெப்பநிலையில் மட்டுமே சரியாகக் காட்டும். கறந்த சூடு ஆறாத பால் அடர்த்தி குறைந்திருக்குமாதலால் பால்மானி அதில் ஆழ அமிழ்ந்து குறைவாகக் காட்டும். வெப்பநிலையைப் பார்த்துத் திருத்தம் செய்யாவிட்டால், நல்ல பால் கொண்டுவந்தவர் தண்ணீர் கலந்தார் என்னும் பழிக்கு ஆளாவார்.

சிறியவர் தலையில் விழும் பிழை

இக்கட்டுரையில் முக்கியமாகக் கவனிக்கற்பாலது இப்பகுதி. தராசில் ஒன்றும் வைக்காதபோது அது சுழியைக் காட்ட வேண்டும். அவ்வாறின்றிச் சுழிக்குக் கீழே 100 கிராம் இறங்கி நிற்பதாகக் கொள்வோம். பாத்திரத்தின் எடையை 100 கிராம் கூடுதலாகக் கழித்தாலும் விளைவு இதுவே. அன்று காலை இருவர் பால் கொண்டுவருகின்றனர். ஒருவர் ஒற்றைப் பசு வைத்திருக்கும் மாது. அவர் கொண்டுவந்தது 2 கிலோ. மற்றவர் பெரிய தொழுவம் உடையவர். அவர் கொண்டுவந்தது 20 கிலோ. தராசு முன்னவருக்கு 1.9 என்றும் பின்னவருக்கு 19.9 என்றும் காட்டும். கிலோ 40 ரூபாய் வீதம் இருவரும் இழந்தது தலைக்கு 4 ரூபாய்.

இழந்த தொகை சமம். நஷ்டம் சமம் அன்று. பின்னவருக்கு 800 ரூபாயில் 4 போயிற்று, நூற்றுக்கு அரை. முன்னவருக்கு 80 ரூபாயில் 4 போயிற்று, நூற்றுக்கு ஐந்து. மாதம் முப்பது நாளும் இவ்வாறே நடந்தால் இருவருக்கும் 120 ரூபாய் நஷ்டம். ஆனால் அம்மாதுக்கு அது 2,400 ரூபாயில் நேரும் நஷ்டம். பெரியவருக்கு 24,000 ரூபாயில். பெரியவர் தம் சீட்டைப் பார்த்து ஒன்றும் சந்தேகிக்கமாட்டார், 19.9-க்கும் 20-க்கும் உள்ள பேதம் அவருக்குப் பொருட்டன்று. சங்கத்தின் நிர்வாக சபையில் பெரும்பாலும் அமர்ந்திருப்பவர் அவரைப் போன்றவரே. ஆகவே புகார் எழாமலே இப்பிழை பல மாதங்கள் நடந்துவரக்கூடும்.

கிராம் கணக்கைத் தள்ளி எழுதும் பழக்கத்திலும் இந்த அநியாயம் உண்டு. நூறு கிராமுக்கு உட்பட்ட மீதத்தை எப்போதும் விட்டுவிடும் சங்கத்தில், ஒவ்வொரு முறையும் சராசரி 50 கிராம் குறையும். அது 20 கிலோவில் நூற்றுக்குக் கால் வீதம். 2 கிலோவில் நூற்றுக்கு இரண்டரை வீதம். மீதம் 50 கிராமுக்கு மேற்பட்டால் அடுத்த நூறாகவும், குறைந்தால் முந்தைய நூறாகவும் எழுதினால் மிகையும் குறையும் நாளடைவில் ஈடாகிவிடும்.

ஈடாகும் பிழை, ஈடாகாப் பிழை

இதிலிருந்து பிழைகள் இருவகை என்பது விளங்கும். 20 கிலோ முத்திரைக்கல்லை ஐந்து முறை வைக்க, ஒரு தராசு 19.9, 20.1, 20.0, 20.1, 19.9 என்று காட்டுகிறது. இதில் ஒவ்வொரு முறையும் பிழை நூற்றுக்கு அரைக்கு மேற்படவில்லை. ஐந்தையும் கூட்டிச் சராசரி கண்டால் சரியாக 20 வருகிறது. மற்றொரு தராசு ஐந்து முறையும் 19.8 என்றே காட்டுகிறது. பார்ப்பவர் பின்னதையே நல்ல தராசு என்பர். ஏனெனில் அது மாறாமல் ஒரே எண்ணைச் சொல்லுகிறது. உண்மையில் பின்னதே கெடுதியானது. அதன் பிழை நூற்றுக்கு ஒன்று. அது எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது. ஆயிரம் முறை நிறுத்தாலும் அது ஈடாகாது. ஆயிரம் மடங்காகச் சேரும். மாறாமல் ஒன்றையே சொல்வது வேறு, மெய்யைச் சொல்வது வேறு.

பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் வருஷத்து விதிகள் இவ்விரண்டையும் கருதியே இயற்றப்பட்டுள்ளன. சட்டம் பிழையே கூடாது என்று சொல்லவில்லை. 250 கிராம் பொட்டலத்தில் 9 கிராம் வரையிலும், 500 கிராம் பொட்டலத்தில் 15 கிராம் வரையிலும், ஒரு கிலோப் பொட்டலத்திலும் அதே 15 கிராம் வரையிலும் வித்தியாசம் பொறுக்கப்படும். நூற்றுக் கணக்கில் இவை முறையே 3.6, 3, 1.5 ஆகின்றன, பொட்டலம் பெரிதாகுந்தோறும் சலுகை குறுகுகிறது. ஆனால் சோதனைக்கு எடுத்த பொட்டலங்களின் சராசரி, மேலே அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. பால்கோவாவைப் பொட்டலம் கட்டும் சங்கம், “15 கிராம் பொறுக்கிறார்கள்” என்று எல்லாப் பொட்டலத்திலும் 15 கிராம் குறைத்துக் கட்டினால் அது சலுகை ஆகாது, குற்றமே ஆகும்.

நிலத்தில் பிழை இரட்டிக்கும்

நிலம் அளப்பவர்கள் மற்றொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். நீளத்தில் நேர்ந்த பிழை பரப்பில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 200 அடி நீளமும் 100 அடி அகலமும் உள்ள வயலின் பரப்பு 20,000 சதுர அடி. சென்ட் கணக்கில் ஏறத்தாழ 45.9. பல நாள் இழுத்து நீண்டுபோன நாடாவால் அளந்தவர் 198 அடி, 99 அடி என்று காண்கிறார். ஒவ்வொரு பக்கத்திலும் பிழை நூற்றுக்கு ஒன்றுதான். பெருக்கினால் 19,602 சதுர அடி. 398 சதுர அடி குறைந்துவிட்டது, நூற்றுக்கு 1.99. முக்கால் சென்ட்டுக்கு மேற்பட்ட நிலம் அளவிலிருந்து மறைந்தது. துணி நாடா நீளும், நனைந்த கயிறு சுருங்கும் என்பதை அறிந்து, நாடாவை அவ்வப்போது உருக்கு அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

பரங்கிமலையிலிருந்து பெங்களூர் வரை

நீளம் அளப்பதில் பிழையைக் கட்டுக்குள் வைப்பது எங்ஙனம் என்பதற்குச் சிறந்த திருஷ்டாந்தம் நம் நாட்டிலேயே உண்டு. வில்லியம் லாம்ப்டன் என்பவர் 1802-ஆம் வருஷம் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். நூறு அடி நீளமுள்ள உருக்குச் சங்கிலியை நானூறு முறை வைத்து அளந்த வேலை அது. வெயிலில் உருக்கு நீளும். ஆதலால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளை உடன் வைத்து, ஒவ்வொரு அளவுக்கும் வெப்பத் திருத்தம் செய்தார். உருக்கு இருபது டிகிரி சென்டிகிரேடு சூடேறினால் நூறு அடிக்குக் கால் அங்குலத்துக்கும் சற்று அதிகமாக நீளும். ஒரு முறைக்கு இது அற்பம். நானூறு முறைக்கு நூறு அங்குலத்துக்கு மேல் ஆகிவிடும். ஒரே பக்கம் சாயும் பிழை என்று மேலே சொன்னது இதுவே.

அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்களாக அளந்துகொண்டே மேற்கே சென்று, 1804-ஆம் வருஷத்தில் பெங்களூருக்கு அருகே ஏழு மைலுக்குச் சற்று அதிகமான மற்றோர் அடிக்கோட்டைச் சங்கிலியால் நேரே அளந்தார்கள். முக்கோணக் கணக்கால் வந்த நீளத்துக்கும் நேரே அளந்து கண்ட நீளத்துக்கும் இருந்த வித்தியாசம் 3.7 அங்குலம். ஏழு மைலுக்கு 4,43,520 அங்குலம். 3.7-ஐ அதனால் வகுத்து நூற்றால் பெருக்கினால் நூற்றுக்கு 0.0008 வரும், அதாவது லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. இங்கே மெய்யளவு ஒருவருக்கும் முன்னமே தெரியாது. ஒரே நீளத்தை இரு வேறு வழிகளில் கண்டு ஒப்பிட்டதே அவர்களுடைய சோதனை. மெய்யளவு கையில் இல்லாதபோது வேறொரு வழியால் அளந்து ஒத்துப் பார்ப்பதே உபாயம் என்று இதனால் அறிகிறோம். காலையில் அங்கத்தினர் சீட்டுகளில் எழுதிய எடைகளைக் கூட்டி, வண்டியேற்றும் கேன்களின் மொத்த எடையோடு தினந்தோறும் ஒப்பிடும் சங்கம் லாம்ப்டன் செய்ததையே செய்கிறது.

சங்கத்தார் செய்ய வேண்டுவன

முதலாவது, சங்கத்தில் முத்திரையிட்ட எடைக்கற்கள் ஒரு தொகுதி தனியே பெட்டியில் இருக்க வேண்டும். அவற்றை அன்றாட வியாபாரத்துக்கு எடுக்கலாகாது. புழங்கிய கல் தேயும். தேய்ந்த கல் சோதனைக்கு உதவாது.

இரண்டாவது, மாதம் ஒரு நாள், அங்கத்தினர் சிலரை உடன் வைத்துக்கொண்டு, 1, 5, 10, 20 கிலோக் கற்களை முறையே வைத்துத் தராசு காட்டுவதை எழுத வேண்டும். எழுதிய பட்டியலே நோய் இன்னதென்று சொல்லிவிடும். 0.95, 4.95, 9.95, 19.95 என்று காட்டினால் குறை எங்கும் 50 கிராமே. சதவிகிதமோ 5, 1, 0.5, 0.25 என்று இறங்குகிறது. கிராம் மாறாது சதவிகிதம் இறங்கினால் சுழியில் குற்றம் என்று அறியலாம். சுழியைத் திருத்தினால் போதும். 0.99, 4.95, 9.90, 19.80 என்று காட்டினால் கிராம் ஏறுகிறது. சதவிகிதம் எங்கும் ஒன்றே. சதவிகிதம் மாறாது நின்றால் தராசின் உட்கருவியிலேயே குற்றம்; அதைப் பழுதுபார்த்து மறுமுத்திரை பெறும் வரையில் புழங்கக் கூடாது.

மூன்றாவது, இருதட்டுத் தராசு வைத்திருப்பவர்கள் பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி இரு முறை நிறுக்கலாம். தராசுக்கோலின் இரு கைகளும் நீளத்தில் சற்றே வேறுபட்டால், ஒரு முறை 10.1 என்றும் மறுமுறை 9.9 என்றும் வரும். இரண்டின் சராசரியாகிய 10 கிலோவே ஏறக்குறைய மெய்யெடை.

நான்காவது, ஒவ்வொரு நாளும் முதற்பால் வாங்குமுன் வெறுந்தராசு சுழி காட்டுகிறதா என்பதை வரிசையில் முன்னிற்கும் அங்கத்தினர் பார்த்துச் சொல்லட்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. சந்தேகம் எழுந்தால் ஒரு கிலோக் கல்லை வைத்துப் பார்க்கலாம். சிறு எடையில்தான் சுழிக்குற்றம் பெரிதாகத் தெரியும்; இருபது கிலோவை வைத்துச் சோதித்தால் அது ஒளிந்துகொள்ளும்.

ஐந்தாவது, கண்ட பிழையை மறைக்காமல் கூட்டல் கழித்தல் குறியுடன் சோதனைப் புத்தகத்தில் எழுதி, சங்கக் கட்டடத்தில் யாவரும் பார்க்கும் இடத்தில் ஒரு பிரதி ஒட்ட வேண்டும். பிழை குறைப்பக்கம் இருந்ததாகக் கண்டால் அந்நாட்களுக்குரிய தொகையை அங்கத்தினர்களுக்குத் திருப்பிக் கொடுத்தல் நியாயம். திருப்பிக் கொடுக்கும்போது தலைக்கு இவ்வளவு என்றோ பால் அளவுக்கு இவ்வளவு என்றோ பொதுப்படப் பங்கிடாமல், குற்றம் சுழியிலா உட்கருவியிலா என்பதை அறிந்து பங்கிட வேண்டும். சுழிக்குற்றமானால் ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரே தொகை. உட்கருவிக் குற்றமானால் ஊற்றிய பாலின் எடைக்குத் தக்க தொகை. இரண்டு கிலோ ஊற்றியவருக்கும் இருபது கிலோ ஊற்றியவருக்கும் உரியது அப்போதுதான் உரியபடி சேரும்.

கூட்டுறவு என்பது ஒருவரையொருவர் நம்பி நடத்தும் காரியம். அந்நம்பிக்கை தராசின் தட்டிலேயே தினந்தோறும் சோதிக்கப்படுகிறது. முத்திரைக்கற்கள் ஒரு பெட்டி, ஒரு நோட்டுப் புத்தகம், மாதத்தில் அரைமணி நேரம் ஆகிய இவ்வளவே இதற்கு வேண்டிய செலவு. அடுத்த மாதச் சபையில் அறிக்கை வாசிக்கும் காரியதரிசி, வரவு செலவுக்கு அடுத்தபடியாக, “நம் தராசின் பிழை நூற்றுக்கு இவ்வளவு, இப்பக்கம்” என்றும் ஒரு வரி சேர்த்து வாசிப்பாராக.